ஸ்னூக்கர் அறைக்குப் புது மேசை வேண்டாம், பராமரிப்பு வேண்டும்: மாவட்ட விளையாட்டு அலுவலருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசு உள்விளையாட்டு அரங்கில் ஸ்னூக்கர் பயிற்சி பெறுவோரும் அவர்களின் பெற்றோரும்

பெறுநர்:
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்

பொருள்: ஸ்னூக்கர் அறையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவும், பந்துகளையும் துணியையும் தினமும் பராமரிக்கவும், மேசையைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் ஒருவரை நியமிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஸ்னூக்கர் மேசையில் ஆட முடியவில்லை என்று முன்பு நாங்கள் கொடுத்த மனுவுக்கு, புதிய மேசை வாங்க மதிப்பீடு தயாராகி வருவதாகப் பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி. ஆனால் புது மேசை இப்போதைக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் மறுபடியும் எழுதுகிறோம். இருக்கிற மேசையின் ஸ்லேட்டில் (துணிக்கு அடியிலுள்ள கல் பலகையில்) விரிசல் இல்லை, மட்டமும் சரியாக இருக்கிறது. கெட்டுப்போயிருப்பவை பந்துகளும் துணியும் அறையின் காற்றும். இதே அறையில் கொண்டுவந்து போட்டால் புது மேசையின் துணியும் அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் இந்தக் கதிக்கு வந்துவிடும்.

முதலில், ஆட்டக்காரர்கள் ‘கிக்’ என்று சொல்லும் கோளாறைக் கொஞ்சம் விளக்க அனுமதிக்க வேண்டும். கியூ கோலால் அடிக்கும் ஒயிட் பந்து இன்னொரு பந்தின் ஓரத்தில் மோதும்போது இரண்டும் கண நேரம் உரசிக்கொண்டு பிரிகின்றன. பந்துகள் சுத்தமாக இருந்தால் உரசல் மிகக் குறைவு. ஆட்டக்காரர் அதற்குப் பழகி, குறிபார்க்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். மோதும் புள்ளியில், கியூ நுனியில் தேய்க்கும் சாக்கின் துகளோ பவுடரோ ஒட்டியிருந்தால் பந்துகள் வழுக்குவதற்குப் பதில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அடிபட்ட பந்து லேசாகத் துள்ளும். அது ஒயிட் வந்த திசையிலேயே கொஞ்சம் இழுபட்டு, குறிவைத்ததைவிட ‘திக்’காக, அதாவது ஓரத்தில் படாமல் நடுப்பக்கமாக அடிபட்டது போல, போகும். ஒயிட்டும் வேகம் இழந்து நினைத்த இடத்துக்குப் போகாமல் நிற்கும். அந்த மோதலின் சத்தமே வேறு, மந்தமாக இருக்கும். அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். பந்து ஒரே ஒரு டிகிரி விலகினால் ஆறடி தூரத்தில் அது சுமார் 3 சென்டிமீட்டர் ஆகிவிடும். பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் மூன்றரை அங்குலம். நேர் நடுவில் போகும் பந்துக்கே இரண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர் இடம்கூட மிஞ்சாது. அதனால்தான் போட்டிகளில் ஆட்டக்காரர் கேட்டால் ரெஃப்ரி பந்தின் இடத்தைக் குறித்துவைத்து, எடுத்துத் துடைத்துத் தருகிறார். விதியிலேயே அதற்கு இடமுண்டு.

கிக் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாக் ஒட்டிய புள்ளி சரியாக மோதும் இடத்தில் வந்து நின்றால்தான் அது நடக்கும். பந்துகளில் அழுக்குப் புள்ளிகள் கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது. எங்கள் அரங்கில் பந்துகள் துடைக்கப்படுவது யாராவது ஒரு பையன் தன் சட்டையில் தேய்த்தால்தான். இதில் அதிகம் பாதிக்கப்படுவது புதிதாகக் கற்கும் பிள்ளைகள். சரியாக அடித்த கட் ஷாட் (பந்தின் ஓரத்தில் மோதிப் பக்கவாட்டில் அனுப்பும் அடி) தவறிப்போனால் அந்தப் பிள்ளை தன் கையில்தான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வேண்டுமென்றே மெல்லிசாக, அதாவது பந்தின் ஓரத்தை இன்னும் குறைவாகத் தொடுமாறு, குறிவைக்கிறது. சில மாதங்களில் அது பழக்கமாகிவிடுகிறது. அப்புறம் மாநிலத் தேர்வுக்குப் போய்ச் சுத்தமான பந்துகளில் ஆடும்போது எல்லாமே மெல்லிசாகப் போய்த் தவறுகிறது. பயிற்சியாளருக்கு மறுபடியும் முதலிலிருந்து வேலை.

சாக்கைவிட இங்கே பெரிய வில்லன் முகப் பவுடர். கியூ வழுக்கிப் போக வேண்டுமென்று வியர்த்த கையில் பவுடர் பூசிக்கொள்கிறார்கள். கடலோர ஊரில் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் பவுடர் துணியில் கொட்டி, பந்தில் ஏறி, ஈரத்தில் பசைபோல ஒட்டிக்கொள்கிறது. பவுடருக்குத் தடை போட்டுவிட்டு, மூன்று விரல் கையுறைகள் சிலவற்றை அரங்கிலேயே வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். சாக்கிலும் துகள் அதிகம் உதிராத வகைகள் வந்துவிட்டன. ஃபின்லாந்தின் டாவோம் போன்றவற்றை உலகத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். விலை அதிகம்தான். பயிற்சி மேசைக்கு இரண்டு மூன்று கட்டிகள் இருந்தால் போதும்.

அடுத்தது அறை. மேசைத் துணி கம்பளி. கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறது. ஈரமான துணியில் பந்து கனத்து ஓடும், அழுக்கும் சுலபமாகப் பந்தில் ஏறும். பெரிய போட்டிகளில் ஸ்லேட்டுக்கு அடியில் ஹீட்டர் வைத்துத் துணியை உலர்வாக வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான். நமக்கு அவ்வளவு தேவையில்லை. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்று போதும்.

ஏ.சி.தான் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மையில் அது ஓடும் விதம்தான் கெடுதல். போட்டி நாளிலும் ஆய்வு நாளிலும் மட்டும் அறையை நன்றாகக் குளிர வைக்கிறார்கள். முடிந்ததும் நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுகிறார்கள். குளிர்ந்து கிடக்கும் ஸ்லேட்டின்மேல் வெளியிலிருந்து ஈரக்காற்று வந்து படிந்தால், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் போல வேர்க்கிறது. அந்த ஈரத்தைத் துணி குடிக்கிறது. குறைந்த அளவில், ஆனால் விடாமல் ஈரம் குறைத்துக்கொண்டிருப்பதே மேசைக்கு நல்லது. நிலை மின்சாரத்தால் கிக் வருகிறது என்று சொல்பவர்களும் உண்டு. வறண்ட காற்றுள்ள ஊர்களில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும், இங்கே அந்தக் கவலை வேண்டியதில்லை.

காலையில் தரையைக் கூட்டும்போது மேசை மூடப்படாமல் கிடப்பதும், மேசைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் சுழல்வதும் சின்ன விஷயங்கள். ஒரு உறையும் ஒரு எலக்ட்ரீஷியனும் போதும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆள். ஸ்னூக்கரின் விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில்தான், 1880-களில். அந்தக் காலத்துக் கிளப் மேசைகளைப் பார்த்துக்கொள்ள மார்க்கர் என்று ஒருவர் இருந்தார். எங்கள் அரங்கில் முன்பிருந்த மார்க்கர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. இப்போது சாவி வைத்திருக்கும் காவலருக்கு மேசை வேலை தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பிரஷ் போடுவதென்றால் ஆட்டம் தொடங்கும் முனையான பால்க் பக்கத்திலிருந்து கருப்புப் பந்தின் புள்ளி இருக்கும் முனை நோக்கி, துணியின் முடி படுத்திருக்கும் திசையில் மட்டுமே போட வேண்டும். அதன்பிறகு அதே திசையில் மிதமான சூட்டில் இஸ்திரி. மேசையின் ஓர ரப்பர் விளிம்பான குஷன்மேல் இஸ்திரி படக்கூடாது. 22 பந்துகளையும் அன்றன்று மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை பந்துக்கான திரவத்தாலோ வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பாலோ கழுவி முழுக்க உலர்த்த வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேர வேலைதான். பழகிய கை வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் ஸ்னூக்கரில் உலகப் பட்டம் வென்றவர். அவரைப் பார்த்துக் கியூ பிடித்த பெண் பிள்ளைகள் எங்கள் அறையிலும் இருக்கிறார்கள்.

எனவே, புது மேசைக்கான மதிப்பீட்டை நிறுத்திவைத்து, அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு டீஹியூமிடிஃபையர், சுவரில் மாட்டும் ஈரப்பதமானி, மேசைத் துணி மாற்றம், மேசை உறை, பந்து சுத்தம் செய்யும் பொருட்கள், கையுறைகள், நல்ல சாக் ஆகியவற்றுக்கு ஒப்புதல் தருமாறு வேண்டுகிறோம். மார்க்கர் இடத்தை நிரப்ப வேண்டும். நிரந்தரப் பணியிடம் தாமதமானால் ஓய்வு பெற்ற மார்க்கரையே தொகுப்பூதியத்தில் அழைக்கலாம். அவர் வரத் தயாராக இருக்கிறார்.

முடிவெடுக்கும் முன் தாங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும். பயிற்சி மாலை 5 மணிக்குத் தொடங்குகிறது. ஒரே கட் ஷாட்டை முதலில் இப்போதுள்ள பந்துகளிலும், பிறகு அவற்றைக் கழுவி உலர்த்தியும் 20 முறை வீதம் அடித்துக் காட்டுகிறோம். எத்தனை விழுகிறது என்று தங்கள் அலுவலக ஊழியரே குறித்துக்கொள்ளட்டும். வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், பிள்ளைகளைப் பள்ளி முடிந்ததும் அழைத்துவர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்னூக்கர் பயிற்சி பெறுவோரும் பெற்றோரும்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)