கடைசிப் பக்கத்தில் ஒன்றும் எழுதாதே

அன்பு மருமகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அனுப்பிய படக்கதை மேலப்பாளையம் வந்து சேர்ந்தது. பாரசீகக் கவிஞர் நிஷாப்பூர் அத்தார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய, பறவைகள் தங்கள் அரசனைத் தேடிப் பயணம் போகும் கதையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் வீட்டுப் பெண் முனைந்திருக்கிறாள் என்பதே எனக்குப் பெருமை. அவற்றுக்கு வழிகாட்டும் கொண்டலாத்தியைக் கொண்டை விரித்து வரைந்திருக்கிறாய். சுலைமான் நபியின் தூதுப் பறவைக்கு அந்த மிடுக்கு வேண்டியதுதான்.

ஆனால் பயணத்துக்கு வர மறுக்கும் பறவைகளை இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டாய். பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவதே அவைதான். ஓயாமல் உடம்பைக் கழுவிக்கொண்டு, தன்னைவிடச் சுத்தமானவர் யார் என்று கேட்கும் வாத்து. பாழடைந்த இடத்தில் புதையலைத் தேடிக் கிடக்கும் ஆந்தை. குடித்தால் கடல் குறைந்துவிடுமே என்று தாகத்தோடு கரையிலேயே நிற்கும் கொக்கு! ஆளுக்கொரு பக்கம் கொடு. கொக்குக்கு இரண்டு கொடு.

இனி மனதில் உறுத்துவதைச் சொல்கிறேன். கடைசியில் ‘ஞானம் உனக்குள்ளேயே இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடம்மா. பறவைகள் வழியில் கடக்கும் அத்தாரின் 7 பள்ளத்தாக்குகளில் ஞானம் மூன்றாவதுதான். ஆறாவதாகத் திகைப்பு என்று ஒன்று வருகிறது. தெரிந்ததெல்லாம் அங்கே கைநழுவிப் போகிறது. அதையும் கடந்து வந்த பறவைகளின் கையில் ஒரு வாசகத்தைக் கொடுத்து அனுப்பலாமா?

பாரசீகத்தில் ‘சீ’ என்றால் முப்பது, ‘முர்க்’ என்றால் பறவை. சீமுர்க் என்ற அரசனைத் தேடிப் போய்ச் சேர்ந்தவை 30 பறவைகள். இந்தச் சொல் விளையாட்டு தமிழில் வராது என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறாய். அதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடியை வரை, அதற்குள் 30 பறவைகளை வரை. பிள்ளைகள் எண்ணுவார்கள். முந்தைய பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் எண்ணுவார்கள்.

தென்காசியில் பிறந்த சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைத் தக்கலையில் பாடக் கேட்டபோது எனக்கு 8 வயது. வாப்பா மடியில் பாதித் தூக்கம். பொருள் யாரும் சொல்லவில்லை. அந்த அடிகள் நாற்பது வயதுக்கு மேல்தான் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்றே விளக்கியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

ஜனவரியில் வா, கூந்தன்குளம் போவோம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் காலம் அது. உன் படத்தில் 7 பள்ளத்தாக்குகளைக் கடந்த பிறகும் பறவைகளின் இறக்கையில் களைப்பே தெரியவில்லை. நெடுந்தூரம் வந்த பறவை எப்படித் தண்ணீரில் இறங்குகிறது என்று கரையில் உட்கார்ந்து பார்த்து வரைந்துகொள்.

அன்புடன்,
மாமா