அப்பாவுக்கு, தோப்பைப் பற்றி

அன்புள்ள அப்பா,

தோப்பைக் கள்ளுக்குக் கொடுத்துவிட்டேன். வருஷத் திதி முடிந்த அதே வாரத்தில் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் கொழிஞ்சாம்பாறையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "திதி கும்பிட்ட கையோட மரத்தைச் சீவக் குடுத்துட்டாங்க" என்கிறார்களாம். உங்களிடம் சொல்ல வேண்டியதை அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கள்ளுக்காசு வேண்டாம் என்று நீங்கள் எதற்காக நின்றீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. பக்கத்துத் தோப்புகளிலிருந்து விடிகாலையில் வண்டியேறி மற்ற மாவட்டங்களுக்குக் கள் போய்க்கொண்டேதான் இருந்தது. வேலந்தாவளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் இதே தென்னையில் பாளை சீவினால் வழக்கு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம், நம் கேரளத்தில், எக்சைஸ்காரர்கள் மரத்துக்கு நம்பர் போட்டு வரி வாங்கிக்கொள்கிறார்கள். சட்டப்படி ஒரு குறையும் இல்லாத வருமானம். "குடிச்சுக் கெட்ட வீட்டுக்கு ராத்திரி போய்ப் பேசிட்டு வர்றேன் கண்ணு. காலைல அதே கள்ளுக்குக் காசு வாங்கினா, அடுத்த ராத்திரி எந்த மொகத்தோட போறது?" என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. வங்கியிலிருந்து வந்த கடிதம்தான் இருக்கிறது.

ஜாமீன் கையெழுத்துகளைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அப்பா. யார் யாருக்குப் போட்டீர்கள், யார் கட்டாமல் விட்டார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்கள் பிள்ளைகள் என்னோடு படித்தவர்கள். அதில் ஒருத்தி திதியன்று கடைசிப் பந்திவரை நின்று பரிமாறினாள். முடியாமல்தான் விட்டிருப்பார்கள். நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்வீர்கள். ஆனால் நோட்டீஸ் வருவது அம்மா வீட்டுக்கு. பென்ஷன், ரேஷன் கார்டு, நிலவரி என்று ஊரில் பாதிப் பேருடைய மலையாளக் காகிதங்களைப் படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்த வீடு அது. அந்த வீட்டுக்கு வந்த காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, நான் கோயம்புத்தூரிலிருந்து வரும்வரை அம்மா காத்திருந்தாள். பக்கத்தில் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் உங்கள் பெயர் கெடும் என்றாள்.

தேங்காயை வைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த வெள்ளை ஈ நம் தோப்புக்கு வர எவ்வளவு நேரமாகும்? மட்டையெல்லாம் கரும்பூஞ்சணம் பிடித்துப் போனதை நீங்களே பார்த்தீர்கள். இப்போது விலை இருக்கிறது, காய் இல்லை.

போன மாதம் ஒப்பந்தக்காரர் மரங்களைப் பார்க்க வந்தார். கிழக்கு வரிசையில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஏன் இவ்வளவு சந்து, இடையில் நடாமல் விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். நட்டோம் என்று மட்டும் சொன்னேன்.

2017 பிப்ரவரி அது. இரண்டு மழையும் பொய்த்து, முந்தைய அக்டோபரிலேயே கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவித்தாயிற்று. நாற்றுகளுக்கு அப்போது மூன்று வயது. பிளாச்சிமடையில் கோக்கக்கோலா கம்பெனி நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிக் கிணறுகள் கெட்டதைப் பார்த்தபிறகு இரண்டாவது போர்வெல் போடவே மாட்டேன் என்று இருந்தீர்கள். அதனால் நமக்கு வாய்க்கால் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. ஆழியாற்றிலிருந்து கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி., எல்லையோரம் மணக்கடவில் அளந்து விட வேண்டும், கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. எட்டாம் வகுப்பிலேயே இது எனக்கு மனப்பாடம். அந்தக் கணக்கில் மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்து, அங்கிருந்து வலதுகரை வாய்க்காலில் பிரிந்து, கடைமடையில் இருக்கும் நமக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதைத்தான் உங்கள் டயரியில் தினமும் குறித்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று ராத்திரி நம் முறை. பகல் முழுக்க அம்மாவும் நானும் வட்டப்பாத்தி வெட்டினோம். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தும் விட்டது. பத்து மணிக்கு மேல் தண்ணீர் வந்தது. காய்ந்த மட்டையும் பிளாஸ்டிக்கும் செருப்புமாகத் தள்ளிக்கொண்டு, நுரையோடு வந்தது. நான் கத்திவிட்டேன், சந்தோஷத்தில். நீங்கள் பிரிவுக்குப் போய் நம் மடையைத் திறக்கிறீர்கள் என்று நினைத்துத் தோப்புக்குள் ஓடினேன். பாத்தியில் நின்று நின்று பார்த்தும் தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்தபோது நம் மடையில் பலகை போட்டு, அதன்மேல் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா கெஞ்சவில்லை. "பாதி ராத்திரி வரைக்கும் நம்ம பக்கம் உடுங்க. அப்புறம் ஏரிக்கு உட்டுக்கலாம்" என்று கேட்டாள். எவ்வளவு நியாயமான கேள்வி! "நம்ம கெணத்துல ஒரு சாண் தண்ணி கெடக்குது. ஏரிக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அதுவும் இல்ல. ஏரி நனைஞ்சாத்தான் அவங்க கெணறு ஊறும்" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

வரப்பில் வேறு சிலரும் நின்றார்கள். நீங்கள் ஒருத்தர் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எங்களையும் விடச் சொல்வார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். இன்னும் சில வார்த்தைகளும் விழுந்தன. யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் இருவர் திதிக்கு மாலையோடு வந்திருந்தார்கள். இதற்கு மேல் எழுதினால் ஊரில் அம்மா நடமாட முடியாது, நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லோரும் போனபிறகு நீங்கள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். யாராவது பலகையை எடுத்துவிடக் கூடாதே என்று காவல். நான் கோபத்தில் தள்ளி உட்கார்ந்திருந்தேன். பனிக்காற்று. கொஞ்ச நேரத்தில் உங்கள் துண்டு என் தோளில் விழுந்தது. வெறும் பனியனோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டீர்கள். தூக்கத்தில் தலை சாய்ந்து சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. உங்கள் தலை இவ்வளவு கனமா என்று நினைத்தேன். அசையாமல் இருந்தேன். விடியும்வரை டார்ச்சை மடைமேலேயே அடித்துக்கொண்டிருந்தேன் அப்பா. அந்த ராத்திரி உங்கள் ஏரிக்கு நானும்தான் காவல் இருந்தேன். இதை யாரும் எந்த மேடையிலும் சொன்னதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். நீங்கள் கலெக்டர் அலுவலகத்துக்கும் பஞ்சாயத்துக்கும் டேங்கர் லாரி கேட்டு அலைந்தீர்கள். அம்மா அந்த ஒரு சாண் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சேந்தி நாற்றுகளுக்கு ஊற்றினாள். பாதிக்கு மேல் கருகிவிட்டன. எத்தனை போயிற்று என்று நீங்கள் எண்ணவே இல்லை. அம்மா எண்ணினாள். மறுவருஷம் புதிதாக நடலாம் என்றபோது, நாற்றுக்கு வைத்திருந்த பணம் யாருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கோ போயிருந்தது. அம்மாவின் முழங்கால் அந்தக் குடங்களில் போனது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

திதியன்று எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து பேசினார்கள். எல்லோருமே நீங்கள் தங்கள் ஆள்தான் என்றார்கள். 2020-ல் செக்போஸ்டை மூடியபோது, பொள்ளாச்சி மருந்துக் கடையிலிருந்து வரும் மாத்திரைகளைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கி, வீடு வீடாகக் கொண்டு கொடுத்ததைச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் போடச் சொல்லி நடந்ததைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது, பெருமையில்தான். ஏரி கதையையும் ஒருத்தர் சொன்னார். "தன் தோப்பைக் காயவிட்டு ஊருக்குத் தண்ணி குடுத்த மனுசன்" என்றார். அம்மா சமையல் பந்தலில் கால் நீட்ட இடமில்லாமல் நாற்காலியில் இருந்தாள். ஒருத்தர்கூட அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவளுடைய தோப்பும்தானே? நீங்களாவது அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவளும் ஏரிக்கே விடச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டிருக்கலாம்.

நான் கேட்டேன். ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கோயம்புத்தூரில் ஏதாவது கடன் பார்க்கிறேன் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரு இருந்தா உட்டிருக்க மாட்டாரு. அவரு இல்லியே கண்ணு. பேனாவக் குடு" என்றாள்.

குடியால் கெட்ட வீடுகளுக்கு இனி யார் போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் முடியாது. போகிற தகுதியையும் இந்தக் கையெழுத்தோடு விட்டுவிட்டேன், தெரிந்தேதான் விட்டேன். உங்கள் டயரிகளையும் முடியாமல் கிடந்த விண்ணப்பக் கட்டுகளையும் வாசகசாலையில் ஒப்படைத்தாயிற்று. காகிதத்தோடு இன்னும் விடிகாலையில் வந்து கதவைத் தட்டுகிறவர்களை அங்கே போகச் சொல்லியிருக்கிறேன். மனசு கேட்காமல் அம்மா அவர்களுக்கும் டீ போட்டுக் கொடுத்துத்தான் அனுப்புகிறாள்.

வருகிற பணம் முதலில் வங்கிக்கு. நீங்கள் யாருக்கு ஜாமீன் போட்டீர்களோ அவர்கள் யாரிடமும் திருப்பிக் கேட்கப் போவதில்லை, அதில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கிறேன். அடுத்து அம்மாவின் முழங்கால் ஆபரேஷன். மிச்சம் இருந்தால் கிழக்கு வரிசைச் சந்துகளில் புதுநாற்று. உங்களுக்குக் கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள். அம்மா கனவில் போய் நிற்காதீர்கள், அவள் இப்போதுதான் ராத்திரியில் கொஞ்சம் தூங்குகிறாள்.

உங்கள்
கண்ணு