ஏரிகளைத் தூர்வாரும் தன்னார்வக் குழுக்களுக்கு: ஓரத்தைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

சொந்தக் காசையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்து ஏரிகளை மீட்கிறீர்கள். ஆகாயத்தாமரையை அள்ளுவதும் குப்பையை அகற்றுவதும் பெரிய வேலை. அந்த மரியாதையோடுதான் புள்ளிமூக்கு வாத்துக்காக எழுதுகிறேன்.

கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கறுப்பு அலகு, நுனியில் மஞ்சள், அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் சிவப்புப் பொட்டு. கிளுவை, ஊசிவால் வாத்து மாதிரி குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போவது இல்லை. இங்கேயே இருந்து இங்கேயே குஞ்சு பொரிப்பது. தண்ணீர் வற்றினால் வேறு ஏரிக்குப் போகும், அவ்வளவுதான்.

இது மூழ்கி இரை தேடுவதில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு, கழுத்து எட்டும் ஆழத்தில் கிடைக்கும் விதை, நீர்ச்செடி, நத்தை, பூச்சிகளைத் தின்னும். ஏரியை ஓரத்திலிருந்தே செங்குத்தாக வெட்டிவிட்டால் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் அதற்கு இரை எட்டாது.

கூடு விஷயம் இன்னும் சிக்கல். கரையோரப் புல்லிலும் கோரையிலும் தரையிலேயே 8 முதல் 14 முட்டைவரை இடும். பெட்டை சுமார் 24 நாள் அடைகாக்கும். பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சுகள் தாயின் பின்னால் தண்ணீரில் இறங்கிவிடும். ஆனால் பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை பருந்து வந்தாலும் நாய் வந்தாலும் ஒளிய சம்புப் புதரை விட்டால் வேறு கதியில்லை. வளர்ந்த வாத்துகளும் இனப்பெருக்கம் முடிந்ததும் பறக்கும் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் இருக்கும். அப்போது அவற்றுக்கும் அதே புதர்தான். அதைத்தான் களை என்று வழித்து எடுக்கிறோம். எனக்கு அது தாங்கவில்லை.

ஆழப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் ஆழப்படுத்துங்கள், ஓரம் சரிவாகவே இருக்கட்டும். நடைபாதை வேண்டுமா, ஒரு பக்கம் போதும். எதிர்க்கரையில் கல் பதிக்காமல் கோரைக்கு விடுங்கள். பொக்லைன் வேலையைக் கோடையில், ஏரி காய்ந்த பிறகு வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்த பின் ஓரச் செடிகளில் கை வைக்க வேண்டாம். அப்புறம், எந்த மாதமானாலும் வேலை தொடங்கும் முன் பறவை தெரிந்த ஒருவரோடு கரையைச் சுற்றி வந்து, கூடு இருந்தால் அந்தப் பகுதியைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். உங்கள் அடுத்த ஏரிக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பறவை ஆர்வலர்