கட்டாத களத்தைக் ‘கட்டி முடிந்தது’ என்று எழுதியதை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வெண்ணாற்றுப் பாசனக் கடைமடை விவசாயிகள்,
மேலத்தெரு, கீழத்தெரு, ஆற்றங்கரைத்தெரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் களமும் மேற்கூரையும் அமைத்து முடித்ததாகச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அறிக்கையில் வெளிவந்திருப்பது – அப்படி எதுவும் அங்கே இல்லாதது – பதிவைத் திருத்தி, திடலில் கிடக்கும் நெல்லை உடனே எடுக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்துத் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும், விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் முன்பு கொடுத்த மனுக்கள். ரசீதுகளை இணைத்திருக்கிறோம். உருப்படியான பதில் எதுவும் வராததால் வேறு இணைக்க ஒன்றுமில்லை.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். எங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் தூர்வாரும் பணியைப் பார்வையிட வந்தபோது மதகடியில் வண்டியை நிறுத்திவிட்டு அய்யனார் கோயில் திடல் வரைக்கும் நடந்தே வந்தீர்கள். அந்தத் திடல்தான் எங்கள் கொள்முதல் நிலையம். அன்றைக்கு அது நல்ல மேடாக இருந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். இப்போது மேடு இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மனு.

1. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் பருவத்துக்கு ஒருமுறை நாலு பக்க அறிக்கை அச்சடித்துத் தொகுதி முழுக்கக் கொடுக்கிறார். டீக்கடை, ரேஷன் கடை, கூட்டுறவு சொசைட்டி எங்கும் அது கிடைக்கும். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் படித்தும் காட்டுகிறார். ஜெயித்த பிறகு ஊருக்குள் முகம் காட்டுகிறவர்களே குறைவு, ஆகையால் இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. இந்தத் தடவை அறிக்கையில் நாட்டு நடப்பெல்லாம் இருந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த 192 டிஎம்சி தண்ணீரை உச்ச நீதிமன்றம் 2018-இல் 177.25 ஆகக் குறைத்தது, அதையாவது மாதா மாதம் மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து வாங்க காவிரி ஆணையத்தில் வாதாட வேண்டியிருப்பது, கர்நாடகத்தின் மேகதாதுவில் 67 டிஎம்சிக்கு அணை வந்தால் நம் கதி என்ன, 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அதற்குப் பிறகும் 2023-இல் நம் டெல்டாவின் வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கப்பட்டது, எல்லாம் விவரமாக எழுதியிருந்தார். 2025-26 பருவத்தில் சன்னரக நெல்லுக்கு மத்திய அரசின் 2389 ரூபாயோடு மாநில அரசின் ஊக்கத்தொகை 156 சேர்த்து குவிண்டால் 2545 ரூபாய் என்பது பெரிய எழுத்தில் இருந்தது. எல்லாம் சரி. உண்மையும்கூட.

நாலாம் பக்கத்தின் அடியில், நன்றி சொல்வதற்கு முன்னால், ஒரு பட்டியல். அதில் எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே: ‘கொள்முதல் நிலையத்துக்குக் கான்கிரீட் களம், மேற்கூரை – பணி நிறைவுற்றது.’

2. கூட்டத்திலேயே எழுந்து கேட்டோம். உறுப்பினர் தம் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பணிப்பட்டியல் அது. அதில் இருப்பதைத்தான் அச்சடித்தோம் என்றார்கள். ‘விசாரிக்கிறேன்’ என்று உறுப்பினர் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நாங்கள் நினைக்கவில்லை. மூன்றரைப் பக்கம் டெல்லிக்கும் பெங்களூருக்கும் ஒதுக்கியவர், மதகுக்கு இந்தப் பக்கம் இருக்கும் திடலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அந்த அரை வரியை எழுதியிருக்கலாம் என்று மட்டும் நினைத்தோம். ஆனால் தாள் வந்தது தங்கள் பக்கத்திலிருந்து. ஆகவே தங்களிடமே வருகிறோம்.

3. திடலில் உண்மையில் என்ன இருக்கிறது என்றால்: ஆடி மாதம் பொக்லைன் வந்தது. களம் போட அஸ்திவாரம் எடுக்கிறோம் என்று மேட்டை வெட்டினார்கள். வெட்டிய மண் எங்கே போனது என்று தெரியாது. ஒரு லோடு ஜல்லி இறக்கினார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. இன்றைக்கு அங்கே இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு பள்ளமும், அதில் மழைத்தண்ணீரும், அந்தத் தண்ணீரில் ஆற்றங்கரைத்தெரு வாத்துகளும் இருக்கின்றன. ஜல்லிக் குவியல் மேல் கோரை முளைத்துவிட்டது. ஊரில் தண்ணீர் நிற்காத மேட்டுநிலமாக இருந்தது அது ஒன்றுதான். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட நெல்லைக் கொட்ட இடம் இருந்திருக்கும்.

4. இதுதான் முக்கியமான குறை. இதை மட்டுமாவது முழுதாகப் படிக்க வேண்டுகிறோம்.

2024-இல் மேட்டூர் அணை ஜூலை 28 அன்றுதான் திறந்தது. எங்கள் பக்கம் பலர் முதல் போகமான குறுவையே போடவில்லை. 2025-இல் ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள் என்றதும், சொசைட்டியில் நகையை வைத்துக் குறுவை போட்டோம். விளைச்சலுக்குக் குறைவில்லை. அறுவடை மட்டும் மழையோடு வந்து சேர்ந்தது. வயலில் ஈரம் என்பதால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும். அது கிடைத்த அன்றைக்கு அறுத்தாக வேண்டும், வெயில் பார்த்து அறுக்க முடியாது. அப்படி அறுத்த நெல்லைப் பச்சையாகத் திடலுக்குக் கொண்டு வந்தால், பள்ளத்தைச் சுற்றி ஓரமாகத்தான் கொட்ட முடிகிறது. மேலே பெய்கிற மழையைப் படுதாவால் தடுக்கலாம். பள்ளத்திலிருந்து அடியில் ஊறி வருகிற தண்ணீரை எதைப் போட்டுத் தடுப்பது?

அந்தப் படுதாவும் எங்களுக்கு இல்லை அய்யா. நிலையங்களுக்குப் படுதா ஒதுக்கியபோது எங்கள் ஊர் விடுபட்டுவிட்டது. கேட்டதற்கு, ‘உங்களுடையது கூரை உள்ள நிலையம், திறந்தவெளி நிலையத்துக்குத்தான் படுதா’ என்று பதில் வந்தது. எந்தக் கூரை? வானம்தான் எங்களுக்குக் கூரை. வீட்டில் இருந்த சாக்கு, பழைய பிளெக்ஸ் பேனர், கல்யாணப் பந்தல் துணி என்று எது கிடைத்ததோ அதைப் போட்டு மூடியிருக்கிறோம். ஒரு அம்பாரத்தின் மேல் கிடக்கும் பேனரில் உறுப்பினரே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கீழத்தெருவில் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் ஒரு அம்மா இருக்கிறார். வீட்டுக்காரர் இல்லை, தனி ஆள். கோ 51 ரக நெல் போட்டிருந்தார். அவருடைய நெல் திடலின் கிழக்கு ஓரத்தில் கிடக்கிறது. பகலில் கொஞ்சம் வெயில் அடித்தால் மதகுப் பாலத்துத் தார் ரோட்டுக்குத் தலைச்சுமையாகத் தூக்கிப் போய்ப் பரப்பிக் காலால் கிண்டிவிடுவார். பள்ளி வேன் வரும்போது ஒதுக்குவார், போனதும் மறுபடி பரப்புவார். சாயங்காலம் திரும்ப அள்ளி வந்து கொட்டினால், ஈரப்பதமானியை வைத்துப் பார்த்து 19 சதவீதம் என்பார்கள். 17-க்குள் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு வெயில் காட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்பார் எழுத்தர். அவர் மேலும் தப்பில்லை, ஈர நெல்லை எடுத்தால் எடைக்குறைவு அவர் தலையில் விழும். ராத்திரி மழை. விடிந்து பார்த்தால் 22. மறுபடி ரோடு, மறுபடி மானி. தீபாவளி அன்றைக்கும் அந்த அம்மா திடலில்தான் படுத்திருந்தார். பேரப்பிள்ளைகள் அங்கேயே வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

போன வாரம் அம்பாரத்துக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே கதகதவென்று சூடு, ஒரு புளித்த வாடை. அடியிலிருந்து ஒரு கை அள்ளினால், ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக முளை. அதை விரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே எங்களிடம் பேசினார், முளையைக் கிள்ளினால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பது போல. ஒரு சிப்பம் 40 கிலோ. அறிக்கையில் போட்டிருக்கும் விலைப்படி 1018 ரூபாய். முளைத்த நெல்லுக்கு வியாபாரி கேட்ட விலையை இங்கே எழுதக் கூசுகிறது.

குறுவைப் பணம் வந்தால்தான் அடுத்த போகமான தாளடிக்கு உழவு, நடவு, உரம் எல்லாம். பக்கத்து ஊர்களில் நாற்று பிடுங்குகிறார்கள். எங்கள் ஆட்கள் நெல்லுக்குக் காவல் இருக்கிறார்கள்.

5. லாரி. எடை போட்டுத் தைத்து வைத்த மூட்டைகளும் நகரவில்லை. அவை நகர்ந்தால்தான் அடுத்த நெல்லுக்கு இடம். கிடங்கு நிரம்பிவிட்டது என்கிறார்கள். நாங்கள் என்ன சொல்ல.

6. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பை 22 சதவீதம் வரை தளர்த்தும்படி மத்திய அரசைக் கேட்டிருப்பதாக அறிக்கையில் இருக்கிறது. நல்லது. 2023 பிப்ரவரி மழையில் 20 வரை தளர்த்தியது நினைவிருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை நெல் முளைக்காமல் காத்திருக்காது. டெல்லி செய்ய வேண்டியதை டெல்லி செய்யட்டும், உறுப்பினர் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். இந்தத் திடல் டெல்லி கையில் இல்லை அய்யா, தங்கள் கையில் இருக்கிறது.

7. எங்களை அதிகம் வதைப்பது மழைகூட இல்லை, அந்த ஒரு வரிதான். முதல் மனுவுக்குக் கைப்பேசியில் ‘நடவடிக்கை முடிக்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. என்ன நடவடிக்கை என்று அலைந்து கேட்டால், ‘களம் கட்டித்தான் இருக்கிறதே, பிறகென்ன மனு’ என்றார்கள். பொறியாளர் அலுவலகத்தில் அடுத்த திட்டத்திலாவது சேருங்கள் என்றோம். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, இருக்கிற இடத்துக்கு மறுபடி எப்படிப் போடுவது என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். படுதா கேட்டால் கூரை இருக்கிறது. கூரை கேட்டால் கட்டியாகிவிட்டது. யாரிடம் போனாலும் அந்த வரி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. பணம் கொடுக்கப்பட்டதா, யாருக்கு, எவ்வளவு, அதையெல்லாம் கிளறி யாரையும் மாட்டிவிடுவது எங்கள் நோக்கம் இல்லை. அது தங்கள் பொறுப்பு, தாங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நெல் போக வேண்டும்.

காவிரியில் எத்தனை கன அடி வருகிறது என்று இரண்டு மாநிலமும் ஒரு ஆணையமும் நாள்தோறும் கணக்குப் பார்க்கின்றன. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு ஒரு களம் இருக்கிறதா இல்லையா என்று, தாலுகா ஆபீசிலிருந்து பைக்கில் வந்து பார்த்துப் போக ஒருத்தர் இல்லையா? எத்தனை மனுத்தான் அய்யா எழுதுவது? எழுதி எழுதி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே மனு எழுதும் முறை மனப்பாடமாகிவிட்டது. கோபத்தில் வரம்பு மீறி ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

8. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

முதலில் யாராவது ஒரு அதிகாரியைப் பகல் வெளிச்சத்தில் திடலுக்கு அனுப்பி, பள்ளத்தின் ஓரத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்து ‘பணி நிறைவுற்றது’ என்ற பதிவை அடித்து, இல்லாததை இல்லை என்று எழுத உத்தரவிடுங்கள். களத்தை இந்த வருஷமே கட்டித்தாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, கட்டவில்லை என்று எழுதுங்கள் போதும். அப்படி எழுதினால்தான் பிறகு வருகிறவராவது கட்டுவார்.

தைத்த மூட்டைகளுக்கு லாரி அனுப்புங்கள். படுதா இன்றைக்கே கொடுங்கள். பள்ளத்தை, கிடக்கிற ஜல்லியையும் நாலு லோடு மண்ணையும் போட்டு மூடினால் தை மாத சம்பா அறுவடைக்காவது பழைய மேடு திரும்பக் கிடைக்கும். முளைத்த நெல்லுக்கு என்ன வழி என்பதைத் தாங்களே சொல்லுங்கள். குறிப்பாக அந்தக் குத்தகைக்கார அம்மாவின் நெல்லுக்கு. சிட்டா கோயில் பெயரில் இருப்பதால் நிவாரணம் என்று ஒன்று வந்தாலும் அவர் கைக்கு வருமா என்று எங்களுக்குப் பயம்.

மறுபடியும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்: அந்தப் பதிவைத் திருத்துங்கள், நெல்லை எடுங்கள்.

இப்படிக்கு,
மூன்று தெரு விவசாயிகள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம். திடலின் புகைப்படங்கள் தனி உறையில்.)

நகல்: எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு. அடுத்த அறிக்கை அச்சுக்குப் போவதற்குள் நாலாம் பக்கத்தைத் திருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.