வாய்க்காலில் கிடந்த ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பதற்குள் தூர்வாரி முடித்துவிடுவார்களா என்பதுதான் இப்போது டெல்டா முழுக்கப் பேச்சு. எத்தனை கிலோமீட்டர் முடிந்தது, எத்தனை பொக்லைன் ஓடுகிறது என்று நாளிதழ்களில் தினமும் செய்தி வருகிறது. வாரிப்போட்ட மண்ணோடு என்னவெல்லாம் மேலே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மன்னார்குடி பக்கம், பாமணியாற்றிலிருந்து பிரியும் சிறு வாய்க்கால் ஒன்று எங்கள் தெருக் கொல்லைப்புறமாக ஓடுகிறது. சென்ற வாரம் நூறு நாள் வேலையில் அதைச் சுத்தம் செய்தபோது, எங்கள் தெரு அக்கா ஒருவரின் காலில் ஊசி ஏறிவிட்டது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் ஊசி. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, சில வாரம் கழித்து மறுபடியும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

எனக்கும் வரவில்லை. என் மாமியாருக்கு ஆறு வருடமாக நான்தான் இன்சுலின் போட்டுவிடுகிறேன். போட்ட ஊசியை கேரி பேக்கில் முடிந்து மற்ற குப்பையோடு போட்டுவிடுவேன். அந்தப் பையை நாய் இழுத்துப் போட்டு, மழைத் தண்ணீரில் வாய்க்காலுக்குப் போயிருக்காது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அன்று சாயங்காலம் கரையில் நடந்து பார்த்தேன். களைக்கொல்லி டப்பா, பயிருக்கு அடித்த பூச்சி மருந்து பாட்டில், உடைந்த டியூப் லைட், சிஎஃப்எல் பல்பு, ரிமோட் பேட்டரி, பெயின்ட் டப்பா, தேதி முடிந்த மாத்திரை அட்டை. எல்லாம் எங்கள் வீடுகளில் புழங்கியவை. வெளியூர்க்காரர் யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. தண்ணீர் திறந்ததும் முதல் வெள்ளம் இவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பாமணியாறும் கோரையாறும் முடிவது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில். அங்கே இறாலும் மடவையும் பிடித்துப் பிழைப்பவர்கள் நமக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்கிறது. ஆனால் 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மூன்றாவதாக வீட்டு அபாயக் கழிவு என்று ஒன்று இருந்தது. நான் மேலே சொன்னதெல்லாம் அதில்தான் வரும். இவற்றை வாங்கி வைக்க, நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்றும் அதில் இருந்தது. பூச்சி மருந்து டப்பா அதிகம் சேரும் கிராமத்துக்கு எங்கே மையம்? எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைக் காவலரிடம் கேட்டேன். "ரெண்டு டப்பாதாம்மா குடுத்திருக்காங்க. இதை நான் எங்க வைக்கிறது?" என்றார். அவர் கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது.

இன்வெர்ட்டர் பேட்டரியை யாரும் வாய்க்காலில் வீசுவதில்லை. பழையதைக் கொடுத்தால் கடைக்காரர் விலையில் கழித்துக்கொள்கிறார். டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கி, எங்கள் திருவாரூர் மாவட்டம் வரை வந்தது. சாராய பாட்டிலுக்குச் செய்ய முடிந்ததை விஷ பாட்டிலுக்கு ஏன் செய்யக்கூடாது? பூச்சி மருந்துக் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் விற்கும்போதே 10 ரூபாய் பிடித்துக்கொண்டு, காலி டப்பா வந்ததும் திருப்பிக் கொடுக்கட்டும். விவசாயிகளும், மருந்து கலக்கும்போதே காலி டப்பாவை மூன்று தடவை அலசி அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். அதுவும் காசு கொடுத்து வாங்கிய மருந்துதானே. அலசிய டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் அதில் மண்ணெண்ணெய், குடிதண்ணீர் பிடிக்க மாட்டார்கள். இவற்றைக் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. போகி அன்று நம் தெருக்களில் எழும் கறும்புகை போதும்.

ஊசி விஷயம் இன்னும் சுலபம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரும் மருத்துவக் கழிவை எடுத்துப்போக வண்டி வருகிறது. வீட்டு ஊசிகளையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். அதோடு, தண்ணீர் திறக்கும் முன் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு நாள் டிராக்டர் விட்டு வீடுவீடாக இந்தக் கழிவுகளை வாங்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் ஊசிகளை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, 'ஊசி, தொடாதீர்கள்' என்று எழுதி அலமாரி மேல்தட்டில் வைக்கிறேன். முதல் பாட்டில் நிரம்பிவிட்டது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அதிகாரிகள் யாராவது உங்கள் நாளிதழ் வழியாகவே பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம்.