கட்டைவிரலால் எழுதுவது

தஞ்சாவூர்

அன்புள்ள செல்வம்,

உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தி கேட்டு எல்லோரும் மகிழ்ந்தோம். முதல் சம்பளத்தில் பெரியப்பாவுக்கு ஒரு வேட்டி உண்டு என்பதை அவளுக்கு நினைவூட்டு.

இனி உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். என்னுடைய கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு, வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன என்றும், சொற்களுக்கு நடுவே வரவேண்டிய க், ச், த், ப் என்ற ஒற்றெழுத்துகளைப் பாதி இடங்களில் காணவில்லை என்றும், எழுதியது நானா என் பேரனா என்றும் கேட்டிருந்தாய். எழுதியவன் நான்தான், ஆனால் கைபேசியில் எழுதினேன். சித்திரையிலிருந்து அண்ணனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டிய செய்திதான். அண்ணன்தான் யாருக்கும் சொல்லக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார். இப்போது அவரே உனக்கு எழுதச் சொன்னார். மேசையும் கணினியும் வீட்டில் இருக்க, நான் அவருடைய போர்வையையும் சோற்றுப் பாத்திரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் கைபேசியில் எழுத வேண்டும், இல்லையென்றால் எழுதாமல் இருக்க வேண்டும்.

நீ நினைப்பதுபோல் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. நமக்குப் பழகிய தமிழ்99 விசைப்பலகை அமைப்பே இதிலும் இருக்கிறது. 1999இல் அதை வகுத்தவர்கள் பத்து விரல்களை மனத்தில் வைத்துத்தான் உயிரெழுத்துகளை இடப்பக்கமும் மெய்களில் பெரும்பாலானவற்றை வலப்பக்கமும் வைத்தார்கள். மெய்யும் உயிரும் மாறி மாறி வருவது தமிழின் இயல்பாகையால், அதே அமைப்பு இரண்டு கட்டைவிரல்களுக்கும் வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிறது. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், புள்ளி தானே விழுந்துவிடும். என் செயலியில் மேல் வரிசையின் ஓரத்தில் ச-வும் ஞ-வும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் சாயங்காலம் அடிக்கடி ஞாயங்காலம் ஆகிறதே தவிர, வேறு குறையில்லை. கட்டைவிரலுக்கு இடைவெளிக் கட்டையைத் தவிர வேறு வேலை கிடையாது என்று அளவுகோலால் நம் விரல் முட்டியைப் பதம் பார்த்த டைப் மாஸ்டர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் யோசிக்கிறேன்.

வாக்கியம் குட்டையாவதற்குக் காரணம் திரை. விசைப்பலகை எழுந்து வந்து பாதித் திரையை எடுத்துக்கொண்ட பிறகு, என் கண்ணுக்குத் தேவையான எழுத்தளவில் ஆறேழு வரிகள்தான் மிஞ்சுகின்றன. 'போய்விட்டிருக்கக்கூடும்' என்ற ஒரு சொல்லே ஏறக்குறைய ஒரு வரியை அடைத்துக்கொள்கிறது. நம் மொழியிலோ வினைமுற்று கடைசியில் வருகிறது. எழுவாயைத் தொடங்கிவைத்து, அதற்குள் இரண்டு எச்சங்களையும் ஒரு மேற்கோளையும் நுழைத்து முடிவுக்கு வரும்போது, எழுவாய் திரைக்கு மேலே போய் மறைந்திருக்கும். தொடங்கியது 'அவர்கள்' என்றா, 'அந்தக் குடும்பம்' என்றா என்பது நினைவில்லாவிட்டால் மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். பத்து முறை தள்ளிப் பார்த்த கை பதினோராவது முறை தானாகவே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. நான் யோசித்து முடிப்பதற்கு முன்பே விரல் முடித்துவிடுகிறது, செல்வம். இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒற்றின் கதை இதைவிடச் சுவையானது. இரண்டெழுத்துத் தட்டியவுடன் கைபேசி மூன்று சொற்களைக் காட்டுகிறது. ஒன்றைத் தொட்டால் அச்சொல்லையும் அதற்குப் பின் ஓர் இடைவெளியையும் சேர்த்தே போட்டுவிடுகிறது. வல்லினம் மிகுமா மிகாதா என்பது அடுத்த சொல் வந்த பிறகுதானே தெரியும்? 'அதை' என்று முடித்துக் கொடுத்த பிறகு நான் 'பற்றி' என்று எழுதினால், நடுவில் ஒரு 'ப்' சேர்ப்பதற்கு இடைவெளிக் கட்டையை அழுத்திப் பிடித்து, குறியைப் பின்னுக்கு நகர்த்தி, சேர்த்துவிட்டு, மீண்டும் முன்னுக்கு வர வேண்டும். கணினியில் இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. இங்கே, கொண்டுவந்த எண்ணமே அதற்குள் ஓடிவிடும். இன்று நாம் படிக்கும் தமிழில் ஒற்று இவ்வளவு உதிர்வதற்கு இலக்கணம் தெரியாதது மட்டுமே காரணம் என்று இனிமேல் நான் யாரையும் திட்ட மாட்டேன். நாம் பழகிய தட்டச்சுப் பொறியை எண்ணிப் பார்: புள்ளியை முதலில் அடித்தால் உருளை நகராது, அதன் பிறகே எழுத்தை அடிக்க வேண்டும். எழுத்து வருமுன்பே புள்ளியை நினைக்கப் பழகிய நமக்கு, அடுத்த சொல்லை நினைக்குமுன்பே இந்தச் சொல்லை முடித்துத் தருகிற கருவி கிடைத்திருக்கிறது.

பேசி எழுதலாமே என்பாய். கூகுள் 2017இலேயே தமிழுக்கும் அந்த வசதியைக் கொண்டுவந்துவிட்டது, முயன்றும் பார்த்தேன். ஆனால் நோயாளிகளின் உறவினர்கள் நடுவில் உட்கார்ந்து 'கருதப்பட்டுவந்திருக்கிறது' என்று உரக்கச் சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். காவலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எந்தக் கட்சிக்காரர் மேடைப் பேச்சுக்குப் பயிற்சி எடுக்கிறார் என்று நினைத்தாரோ.

உடனே நீ ஜப்பானை இழுப்பாய் என்று தெரியும். 2007இல் அங்கே அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து கைபேசி நாவல்களாகத் தொடங்கியவை, அவற்றிலும் வாக்கியங்கள் குட்டைதான் என்பது உண்மையே. அவர்கள் குட்டை வாக்கியத்துக்கேற்ற கதையைத் தேர்ந்துகொண்டார்கள். நான் நீள வாக்கியத்துக்குரிய விஷயத்தைக் குட்டைத் திரையில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் வேறுபாடு. அன்றியும், 2005இல் கைபேசியில் தமிழ் எழுத உதவும் செயலியாக முத்து நெடுமாறனின் செல்லினம் வந்தபோது, எண் விசைகளை மாற்றி மாற்றி அழுத்தி, தமிழென்றால் எழுபது எழுத்தோடு நின்றுவிடும் குறுஞ்செய்தியில் மகிழ்ச்சியோடு எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நான் குறைப்பட்டுக்கொள்வது அழகில்லை.

ஆகவே இப்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். தாழ்வாரத்தில் எழுதுவது மட்டும். திருத்துவது ஞாயிற்றுக்கிழமை கணினியில். பரிந்துரைச் சொற்களை அணைத்துவிட்டேன். அணைத்த பிறகு ஒற்று திரும்பிவிட்டது, வேகம் போய்விட்டது, போகட்டும். இந்தக் கடிதத்தையும் கைபேசியில்தான் எழுதுகிறேன். வாக்கியங்களை நீயே அளந்து பார்த்துவிட்டு, பேரனைப் பற்றிய பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்.

நம் தொகுப்பின் திருத்துவதற்கான மெய்ப்புப் படியைப் பிடிஎஃப்பாக அனுப்பாதே. ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துப் படித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. தாளில் அச்செடுத்துக் கூரியரில் அனுப்பு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது, அண்ணனுக்கும் பேச்சுத்துணை ஆகும். வரும்போது வழக்கம்போல் வாழைப்பழச் சீப்போடு வந்து நிற்காதே. பொட்டாசியம் அவருக்கு ஆகாது.

அன்புடன்,
ராமு