மீஸான் கல்லை வாசித்த கதை

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மாவின் மூட்டு வலி தேவலையா?

"துருக்கி முஸ்லிம் நாடுதானே, உனக்கென்ன சங்கடம்?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது சொல்லத் தெரியவில்லை, எழுதுகிறேன்.

நான் இருக்கும் கடிக்கோய் பகுதியில் முக்காடு போட்டவர்கள் குறைவு. "சின்னப் பெண், உனக்கெதற்கு இது?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். படகேறி இருபது நிமிஷத்தில் எமினோனுவில் இறங்கி, ஃபாத்திஹ் தெருக்களுக்குள் போனால், முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என் நெற்றியில் தெரிந்த முடியை உள்ளே தள்ளிவிடுகிறார். இரண்டும் ஒரே இஸ்தான்புல்தான்!

வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் குழந்தையாக இருந்தபோது தொழுகைக்கு அழைக்கும் பாங்கே துருக்கி மொழியில்தானாம். 1932இல் அப்படி மாற்றியதை 1950இல்தான் விலக்கினார்கள். அரபியில் பாங்கு கேட்ட அன்று அவருடைய தகப்பனார் தெருவிலேயே நின்று அழுதாராம். "எனக்கோ, புரிந்துகொண்டிருந்தது புரியாமல் போச்சே என்று இருந்தது" என்கிறார் இவர்.

போன மாதம் என்னை உஸ்குதாரில் உள்ள கராஜா அஹ்மத் மையவாடிக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய பாட்டனாரின் கப்றுத் தலைமாட்டில் நட்ட மீஸான் கல்லில் அரபி எழுத்து. 1928இல் எழுத்தை லத்தீனுக்கு மாற்றிவிட்டதால் பேத்திக்கு அதை வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஓதிய புண்ணியத்தில் நான் எழுத்துக்கூட்டினேன். மேலே "ஹுவல் பாகீ" (அவனே நிலைத்திருப்பவன்), கீழே "ஃபாத்திஹா", இடையில் ஒரு பெயர். அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அவருடைய பாட்டனார் பெயரை அவருக்கு நான் வாசித்துக் காட்டினேன் அத்தா. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மதச்சார்பின்மை என்றால் அரசு பள்ளிவாசல் பக்கமே போகாது என்று நினைத்திருந்தேன். இங்கே 1924இல் கலீஃபாவின் தலைமையான கிலாஃபத்தை ஒழித்த அதே நாளில் மார்க்க விவகாரங்களுக்கென்று 'தியானெத்' என்ற ஓர் அரசுத் துறையையும் தொடங்கினார்கள். இமாம்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஓதும் குத்பா பிரசங்கமும் அந்தத் துறையிலிருந்தே வருகிறது. இன்றைய ஆட்சி மார்க்கப்பற்று உள்ளது என்கிறார்கள், அந்தத் துறையை மட்டும் அதுவும் விடவில்லை, பெரிதாக்கித்தான் இருக்கிறது. அருங்காட்சியகமாக இருந்த ஆயா சோபியா 2020இல் மறுபடி பள்ளிவாசல் ஆனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிட இந்த வீட்டுச் சமாச்சாரம்தான் பெரிதாகப் படுகிறது.

வீட்டுக்கார அம்மாவின் தங்கை மகள் 1998இல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முக்காட்டுக்குத் தடை இருந்ததால், அதன் மேல் விக் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவாராம். 2010 வாக்கில் பல்கலைக்கழகங்களில் தடை தளர்ந்தது, 2013இல் அரசு அலுவலகங்களிலும் போனது. இப்போது முக்காட்டோடு அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறார். அவருடைய பதினாறு வயது மகளுக்கு முக்காடு வேண்டாமாம். "கழற்றச் சொன்னவர்களோடு மல்லுக்கட்டத் தெரிந்தது, இவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை" என்று என்னிடம் சொல்லி அழுதார். நீ என்ன நினைக்கிறாய் என்றும் கேட்டார். டீ ஆறுகிறது என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அடுத்த தடவை பேசும்போது சொல்லுங்கள்.

துஆச் செய்யுங்கள். அம்மாவுக்கும் தம்பிக்கும் என் சலாம்.

உங்கள் மகள்